கும்பிட எடுத்த கை

ஏனுங்க,

ஊட்டுக்குள்ள இருந்து கூப்பிட்டா ரெண்டாவது தடவைக்குத்தான் திரும்புவீங்க. இப்ப எத்தனை தடவை கூப்பிடறது? அதான் எழுதறேன்.

நீங்க போயி ஒரு வருசம் ஆச்சு. சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்ட மிளகுக்கொடி இந்த வருசமும் நல்லாக் காய்ச்சிருக்கு. இத்தன நாளா நாந்தான் அந்தப் பக்கமே போகாம இருந்தேன்.

ஏணி வழுக்கி நீங்க விழுந்துட்டீங்கன்னுதான் ஊரே நெனைக்குது. அது இல்லைங்க. மாரியம்மன் நோம்பி அன்னிக்கு, "இந்த ஒரு கொடிய முடிச்சுட்டுக் குளிச்சுட்டுப் போலாம் புள்ள"ன்னு ஏறுனீங்க. கீழ ரோட்டுல மேளம் கேட்டுச்சு. ஆத்தா சப்பரம் வளைவுல திரும்புச்சு. ஏணியப் புடிச்சிருந்த ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டேன். ஒத்த மூங்கில் ஏணி, ஆள் புடிக்காம நிக்காது. சாஞ்சிருச்சு. நான் கைய எடுத்தது மேல இருந்த உங்களுக்குத் தெரிஞ்சுச்சா?

"உன்னயக் கும்பிடத்தான கைய எடுத்தேன், அந்த ஒரு நிமிசம் நீ புடிச்சிருக்கக் கூடாதா?"ன்னு ஆத்தாளக் கேட்டேன். அப்புறம் கும்பிடறதையே விட்டுட்டேன். விளக்கும் ஏத்தல. புருசன் போன துக்கத்துல இருக்கான்னு ஊரு ஒண்ணும் கேக்கல. துக்கம் மட்டுமில்லைங்க, கோவம். ஆத்தா மேல பாதி, எங் கை மேல பாதி.

சேலத்துல பஸ் ஓட்டுற உங்க தம்பி இந்த நோம்பிக்கு வந்தாரு. மிளகு பழுத்துக் கொட்டறதப் பாத்துட்டு, ஏணியத் தூக்கிட்டு வந்து மரத்துல சாத்துனாரு. "வந்து புடிங்க அண்ணி"ன்னாரு. நான் ஏணியத் தொடல. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அவரு கொடியவே பாத்துக்கிட்டு நின்னாரு. அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பேன். அப்புறம் மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, சாக்குப்பைய இடுப்புல கட்டி, உங்கள மாதிரியே கீழ்ப்படியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. "கெட்டியாப் புடிங்க"ன்னு சொல்லிட்டு ஏறிட்டாரு. அப்படி ஒரு மனசு எங்கிருந்துங்க வரும்?

பாதிக் கொடி பறிச்சப்ப மேளம் கேட்டுச்சு. அதே வளைவு. கையி தானா மேல எழப் பாத்துச்சுங்க. ஒரு வருசமாக் கும்பிடாத கையி! ஏணிய நெஞ்சோட சேத்துக் கட்டிக்கிட்டேன். "ஆத்தா, எங் கை இன்னிக்கு வராது. இத இப்படியே கெட்டியா வெச்சிரு, வேற ஒண்ணும் கேக்கல"ன்னு வாய்விட்டுச் சொன்னேன். அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. கையி மட்டும் ஏணிய விடல.

உங்க தம்பி எறங்கி மண்ணுல ரெண்டு காலும் வெச்ச பொறவுதான் கைய எடுத்தேன். சப்பரம் அதுக்குள்ள போயிருச்சு. அந்த வெறும் ரோட்டப் பாத்துத்தான் கும்பிட்டேன். சாயங்காலம் உங்க படத்துக்கு முன்னால விளக்கும் ஏத்துனேன், பாத்தீங்களா?

அடுத்த வருசமும் ஏணிய நாந்தான் புடிப்பேன். மேல ஏறுனவங்க எறங்குற வரைக்கும் எந்தச் சாமி வந்தாலும் நின்னு காத்திருக்கட்டும்.

உங்க ஊட்டுக்காரி,
ராசம்மா
கொட்டச்சேடு