கேடயக்காரனாக நின்ற உனக்கு

மச்சான்,

போன வாரம் திட்டக்குடியில் அக்கா வீட்டில் இருந்தேன். அவள் மகள், பத்து வயசு வாண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "மாமா, மந்திரவாதிய எடுக்கட்டா, கேடயக்காரன எடுக்கட்டா? சீக்கிரம் சொல்லு" என்றாள். எட்டிப் பார்த்தேன். ஒன்றின் கையில் கோல், இன்னொன்றின் கையில் கேடயம். நாம் விளையாடிய விளையாட்டு இல்லைதான். ஆனாலும் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. போன் வந்ததுபோல் நடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன். ஒரு குழந்தைக்குப் பதில் சொல்ல வக்கில்லாத மாமன் நான்.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு ஒன்று ஆறு வருஷமாக என் தொண்டையில் கிடக்கிறது. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இனி நேரில் கேட்க வழியில்லை. அதனால் எழுதுகிறேன், கேட்டுக்கொள்.

2006. நாம் இரண்டாம் வருஷம். சிதம்பரத்தில் கல்லூரி விட்டதும் கீழ வீதி மாடியில் இருந்த அந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடுவோம். ஆறு மணிக்கு நீ கடலூர் பஸ் பிடிக்க வேண்டும், அதுவரைக்கும்தான் ஆட்டம். நாம் நாலு பேர் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து ஒரே குழுவாகப் போய்ப் பூதங்களை அடிப்போம். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்களும் அதே காட்டில் திரிவார்கள். மந்திரவாதி தூரத்தில் நின்று நெருப்பை ஏவுவான், எல்லோரும் அவனைத்தான் பார்ப்பார்கள். ஆனால் ஒரு அடி பட்டால் போதும், செத்துவிடுவான். அதனால் அவனுக்கு முன்னால் ஒரு கேடயக்காரன் நின்று விழுகிற அடியையெல்லாம் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் நாள் நீதான் மந்திரவாதி மேல் அம்புக்குறியை வைத்தாய். "மச்சான், நான் இத எடுத்துக்கறனே, நல்லாருக்கு" என்றாய். நான் உன் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கினேன்.

"டேய், இதுல நாப்பது மந்திரம் இருக்கு, எல்லாம் இங்கிலீஷ். ஒனக்குப் படிக்க வராது. நீ கேடயத்த எடு. அடி வாங்கறதுக்குப் படிப்பு வேணாம்."

சென்டரே சிரித்தது. நீயும் சிரித்தாய். "செரி வுடு, நீயே எடுத்துக்க" என்று கேடயத்தை எடுத்துக்கொண்டாய். கடலூர்க் கடற்கரையில், தேவனாம்பட்டினம் மீனவர் தெருவிலிருந்து தமிழ் மீடியம் படித்து வந்தவன் நீ. வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பிடரியைத் தடவுவாய். நான் பெரிய இங்கிலீஷ் புலி! அந்தப் புலி முதல் வருஷம் இங்கிலீஷ் பேப்பரில் அரியர் வைத்திருந்தது. அதை யாரும் ஞாபகப்படுத்தாமல் இருக்கத்தான் இத்தனை வாய்.

நீ ஒரு பழக்கத்தை மட்டும் விளையாட்டுக்குள் கொண்டுவந்தாய். பூதம் செத்தால் வாள், கல், மருந்து என்று ஏதேதோ விழும். அதைப் பிரிக்கும்போது, அன்றைக்கு வராதவனுக்கும் ஒன்றை எடுத்து வைப்பாய். "எங்கூட்டு ஆளுங்க அப்டித்தான்டா. கடலுக்கு வராம காய்ச்சல்ல படுத்துக் கெடக்கறவனுக்கும் மீனுல ஒரு பங்கு எடுத்து வெச்சிட்டுத்தான் மீதிய பிரிப்பாங்க" என்பாய். "இது என்ன படகா?" என்று நாங்கள் கிண்டல் செய்தோம். ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தபோது நீ எடுத்து வைத்ததை வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வரமாட்டாய். வீட்டில் வலை வேலை இருக்கிறது என்பாய். அந்த ஞாயிறுகளில்தான் ஒரு புது மந்திரவாதி எங்களோடு சேர ஆரம்பித்தான். அடேயப்பா, என்ன ஆட்டம்! நான் ஒரு மந்திரத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அவன் மூன்றை ஏவிவிடுவான். அதிகம் பேசமாட்டான். சின்னச் சின்ன இங்கிலீஷ் வார்த்தையாகத் தட்டுவான். யாரோ வெளிநாட்டுக்காரன் என்று நினைத்து நான் அவனை 'சார்' என்றே கூப்பிட்டேன். ஒருநாள் அருமையான கோல் ஒன்று விழுந்தது. அவனுக்கும் அது தேவைதான். 'யூ டேக்' என்று எனக்குத் தள்ளிவிட்டான். மீதியைப் பிரிக்கும்போது வராதவனுக்கு ஒரு பங்கு என்று எழுதினான். உலகத்தில் வேறு எவன் அப்படி எழுதுவான்? மடையன் எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அவனை நிரந்தரமாக எங்கள் குழுவுக்கு இழுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காகத்தான் அதை எழுதினேன். என் இங்கிலீஷ் திறமையெல்லாம் காட்டி எழுதினேன். எங்களிடம் முன்னால் நிற்க ஒரு ஆள் இருக்கிறான், மீன்காரப் பையன், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது, அடி வாங்கத்தான் லாயக்கு, நீங்கள் வந்தால் அவனைக் கழற்றிவிடுகிறோம் சார் என்று.

'அவன் உன் ஃப்ரெண்டா?' என்று கேட்டான்.

'ஃப்ரெண்டெல்லாம் இல்லை, சும்மா கூட வருவான்' என்று தட்டினேன்.

'ஓகே' என்றான். அவ்வளவுதான்.

ரெண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்தேன். சாப்பாட்டுக்கு அப்புறம் பொழுது போகாமல் பக்கத்து மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். உன் முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சந்தோஷமாகத் தோளில் தட்டக் கையை நீட்டினேன். அப்போதுதான் உன் திரையைப் பார்த்தேன். நான் சார் சார் என்று கும்பிட்ட அந்த மந்திரவாதி அங்கே நின்றுகொண்டிருந்தான். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு. நாற்பது மந்திரத்தின் பெயரையும் தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே அர்த்தம் எழுதி வைத்திருந்தாய்.

நீ திரும்பிப் பார்த்தாய். நீட்டின கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். திட்டியிருந்தால், சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருந்தால் தேவலாம். நீ நிதானமாக விண்டோவை மூடினாய். "வா மச்சான், எப்போ வந்த? கல்யாண வீட்ல என்ன சாப்ட்ருப்ப, சாம்பாரு சாதம். வா, வூட்டுக்குப் போலாம்" என்றாய்.

சுனாமிக்கு அப்புறம் கட்டிக் கொடுத்த உங்கள் புது வீட்டில் அம்மா சங்கரா மீன் குழம்பு ஊற்றினார்கள். ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், மச்சான். மீன்காரப் பையன் என்று எழுதின அதே கையால் பிசைந்து சாப்பிட்டேன். பஸ் ஏற்றிவிட வந்தபோதும் நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நீ வழக்கம்போல் கேடயத்தை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமை மந்திரவாதி அதற்கப்புறம் வரவே இல்லை. இதை எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுபடியும் நானே பெரிய மந்திரவாதி ஆகிவிட்டேன் அல்லவா! சே, என்ன ஜென்மம்டா நான்.

படிப்பு முடிந்து நான் சென்னைக்குப் போனேன். உனக்குக் கடலூரிலேயே ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை. முழுக்க இங்கிலீஷ் கடிதப் போக்குவரத்து என்று போனில் சொல்லிச் சிரித்தாய். அப்போது சொல்லியிருக்கலாம். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். தீபாவளிக்குச் சொல்லலாம், பொங்கலுக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். 2011-இல் உனக்கு மஞ்சள் காமாலை முற்றி, பத்தே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. சேதி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. கருமாதிக்குத்தான் வர முடிந்தது.

அன்றைக்கு உன் அம்மா, கூடியிருந்த சனங்களுக்கு நடுவில் வந்து என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

"இவுருதாம்மா எம்புள்ளைக்கி இங்கிலீசு சொல்லிக் குடுத்த புள்ள" என்று எல்லோரிடமும் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். "தெரியாதத கேட்டா சிரிக்காம சொல்லித் தருவான்மான்னு ஒன்னப் பத்தித்தான் எப்பப் பாத்தாலும் பேச்சு. அந்த ஆபீசு வேலையே ஒன்னாலதான் கெடச்சிதுன்னு சொல்லுவான். நீதானப்பா அவனுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்த?"

ஏன்டா அப்படிச் சொல்லி வைத்தாய்? என்னைக் காப்பாற்றவா? இல்லை, தன் பிள்ளைக்கு வெளியூரில் நல்ல சிநேகிதன் ஒருத்தன் இருக்கிறான் என்று அம்மா நிம்மதியாக இருக்கட்டும் என்றா? அழுத கண்ணோடு அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாம்மா" என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அதற்கப்புறம் ரெண்டு தடவை உங்கள் தெரு வரைக்கும் வந்து திரும்பினேன். சொன்னால் என் மனசு லேசாகும். ஆனால் பிள்ளையை இழந்தவர்களிடமிருந்து அவனுடைய சிநேகிதனையும் பிடுங்கினதாகிவிடும். அதைச் செய்ய எனக்கு என்ன உரிமை?

மாதம் ஒரு தடவை அம்மா போன் பண்ணுகிறார்கள். "நல்லாருக்கியாப்பா, சாப்டியா?" என்று விசாரித்துவிட்டு, போனை வைப்பதற்கு முன்னால், "எம்புள்ளைக்கி நீ செஞ்சத மறக்க மாட்டன்பா" என்று சொல்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான் அந்த அடியை வாங்கிக்கொள்கிறேன்.