மதி கேட்ட கம்ப்யூட்டர்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மதி வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டாள். சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே.

"ஃபோன்ல ஆடுனா சூடாயி நின்னுப் போவுது நைனா. ஒரு நல்ல சிஸ்டம் வாங்கித் தர்றியா? லேப்டாப் வேணாம். டெஸ்க்டாப்."

கேம் ஆட வேண்டுமாம். ஆடுவதை அப்படியே நெட்டில் லைவாகக் காட்ட வேண்டுமாம். பிறகு அதையே வெட்டி ஒட்டி வீடியோவாகப் போட வேண்டுமாம். மூன்றும் ஒரே பெட்டியில்.

பொங்கலுக்கு அப்புறம் இந்தப் பெண் எதையும் கேட்டதில்லை. துணி வேண்டுமா என்றால் வேண்டாம், பிரியாணி வாங்கி வரட்டுமா என்றால் உங்க இஷ்டம். அவள் அம்மா சரசாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பயம், தள்ளிப்போட வழி தேடினேன்.

"ஆடி முடியட்டும்மா" என்றேன். கம்ப்யூட்டர் வாங்க ஆடி ஆகாது என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறதோ தெரியாது. அந்த நேரத்துக்கு ஆடிதான் கைகொடுத்தது.

ஆகஸ்ட் 6, புதன்

எதற்குப் பயப்படுகிறாய் ஜெகதீசா? எழுதித்தான் பாரேன்.

பொங்கலை ஒட்டி நடந்த காலேஜ் ஆண்டு விழாவில் மதிதான் தொகுப்பாளர். கண்ணாடி முன்னால் நின்று ஒரு வாரம் பேசிப் பழகினாள். மேடையில் ஏறி "வணக்கம்" என்றாள். அடுத்தது வரவில்லை. மறுபடி வணக்கம். மறுபடியும் வணக்கம். அப்புறம் மைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. எவனோ அதை ஃபோனில் பிடித்து, ஒவ்வொரு வணக்கத்துக்கும் ஒரு வாத்துச் சத்தம் சேர்த்து விட்டுவிட்டான். காலேஜ் முழுக்கப் போனது. எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்புக்கே வந்தது. கடைசியில் கம்பெனி கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்தவன், என் பெண் என்று தெரியாமல், "சார் இத்தப் பாருங்க, செம காமெடி" என்று என்னிடமே நீட்டினான். நான் பார்த்தேன். சாம்பார் சாதத்தை முழுங்கினேன்.

காலேஜை விட்டுவிட்டாள். கேட்டைத் தாண்டுவதில்லை. கூரியர்காரன் பெல் அடித்தால்கூட உள்ளே போய்விடுவாள்.

அப்படிப்பட்டவள் இப்போது தானாகப் போய் ஊருக்கு முன்னால் உட்காரப் போகிறேன் என்கிறாள். அதற்கு மிஷின் நான் வாங்கித் தர வேண்டும். நெருப்புக்கு நானே எண்ணெய் வாங்கிக் கொடுப்பதா?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஃபோனில் ஆடும்போது அவள் பேசுவாள். ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு யார் யாரோடோ, "டேய் லெஃப்ட்ல வரான் பாரு, குனி, குனி!" என்று கத்துவாள். சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எங்களிடம் வருவதில்லை. அதைக் கேட்கத்தான் நான் தினமும் அவள் கதவோரம் செருப்புத் தேடுகிற மாதிரி நிற்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மண்ணூர்பேட்டையில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நான் தரப் பரிசோதகர். ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் அதில் என்ன குறை என்றுதான் முதலில் பார்ப்பேன். வேலையே அது. மதி ஃபோனில் அனுப்பிய கம்ப்யூட்டர் படங்களில் அந்த வித்தையைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

பெட்டியின் பக்கவாட்டில் கண்ணாடி. உடையும் என்றேன். உள்ளே கலர் கலராக விளக்கு. கண்ணுக்குக் கெடுதல் என்றேன். ஆறு ஃபேன். நம் மேனாம்பேட்டுத் தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்றேன்.

உள் அறையிலிருந்து வாட்ஸாப்பில் பதில் வந்தது. "தூசிக்கு முன்னாடி வலை இருக்கு நைனா. கழட்டிக் கழுவலாம். வேற?"

வேறு யோசிக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. இனி ஆடியைச் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அம்பத்தூர் ஓ.டி.யில் நாகேந்திரன் என்பவர் கடை. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டித் தருகிறார். மதியைக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றுவிட்டாள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு நான் மட்டும் போனேன். கடையில் ஏதாவது இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்ற நினைப்போடுதான் போனேன்.

"பையனுக்கா சார்?"

"பொண்ணுக்கு."

"பொண்ணுக்கு கேமிங் சிஸ்டமா? இன்னாத்துக்கு சார்? சும்மா ஒரு சின்ன சிஸ்டம் போதுமே."

அதைக் காரணமாக வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கலாம். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ! "ஏன், பொண்ணு ஆடுனா ஓடாதா உங்க சிஸ்டம்?" என்று கேட்டுவிட்டேன். இப்படித்தான் என் பிழைப்பு. வேண்டாம் என்று நினைத்த காரியத்துக்கு நானே வக்காலத்து.

அதன் பிறகு மனிதர் ஒழுங்காக விளக்கினார். ஆடுவதற்குக் கிராபிக்ஸ் கார்டு நன்றாக இருக்க வேண்டும். ஆடிக்கொண்டே லைவ் போனால் இன்னொரு சுமை ஏறும், அதற்கு ப்ராசஸரும் தாங்க வேண்டும். எடிட்டிங்குக்கு ரேம். "பதினாறு பத்தாது சார், முப்பத்திரண்டு போட்டாதான் திக்காம ஓடும்" என்றார். தனியாகக் கார்டு போடுவதால், படம் காட்டும் வசதி இல்லாத ப்ராசஸரே போதும், கொஞ்சம் விலை குறையும் என்றும் சொன்னார்.

ஃபோனிலிருந்து மதி கேட்டாள்: "பவர் சப்ளை எது போடறீங்க? மட்டமானத போட்டுட்டா கார்டு போயிடும்." நாகேந்திரன் என் கையிலிருந்த ஃபோனைக் குனிந்து பார்த்துவிட்டு அதனிடம் பேச ஆரம்பித்தார். அவரும் அவளும் பேசப் பேச நான் நடுவில் ஃபோன் ஸ்டாண்டு மாதிரி நின்றேன். முன்பின் தெரியாத ஆளோடு என் பெண் பேசிக்கொண்டிருந்தாள். ஃபோனை அவர் பக்கம் இன்னும் கிட்டே நீட்டினேன்.

முன்பணம் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு பஸ்ஸில் வரும்போது ரசீதை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்று வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னால் கம்பெனியில் சிரிப்பார்கள்.

நான் கடைக்குப் போனபோது ராகு காலம் தொடங்கிவிட்டது. நாகேந்திரன் ஆன் செய்து காட்ட சுவிட்சில் கை வைத்தார். "வேணாம்பா, முதல் தடவை போடறது, ராகு காலத்துல வேணாம். ஊட்ல போட்டுக்கறேன்" என்றேன்.

"டெஸ்ட் பண்ணாம எங்க கடையில குடுக்கறதில்ல சார்."

அவர் கடை வாசலிலேயே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. நான் அதை அண்ணாந்து பார்த்தேன். அவரும் பார்த்தார். அதற்கு மேல் பேசாமல் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் நானே மாட்டினேன். சரசா பெட்டியின் கண்ணாடியில் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினாள். சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, விளக்கெல்லாம் எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. சிக்னல் இல்லை என்று ஒரு வரி வந்து அதுவும் மறைந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை அதுவுமா இப்புடி ஆவுதே" என்று சரசா சூடத் தட்டோடு நின்றாள்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கெட்டுப்போன மிஷின், திருப்பிக் கொடுத்துவிடலாம், தப்பித்தோம். அப்புறம்தான் மதியைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கேன்டீனில் அந்த வீடியோவில் பார்த்தேனே, அதே முகம்.

ஐயோ, வேண்டாம். ஓடித் தொலையட்டும் இது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்குப் பின்னால் நானே நுழைந்தேன். எல்லா ஒயரையும் அழுத்தினேன். மதி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "நைனா, மானிட்டர் ஒயர மேல சொருகிட்ட. அது போர்டு. கீழ கார்டுல சொருகணும்." படம் காட்டாத ப்ராசஸர் என்று அன்றைக்கே கடைக்காரர் சொன்னார், தலையாட்டினேன். கடையில் ஆன் செய்து பார்த்திருந்தால் அவரே எதில் மாட்டுவது என்று காட்டியிருப்பார். எங்கே, ராகு விடவில்லை.

மாற்றிச் சொருகினாள். வந்துவிட்டது.

செப்டம்பர் 3, புதன்

கதவு மூடியிருக்கிறது. உள்ளே பேச்சு, சிரிப்பு. வெளியே நாங்கள் இரண்டு பேரும் டிவியை மியூட்டில் வைத்துப் பார்க்கிறோம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சாயங்காலம் முதல் லைவ். கேமரா வைத்திருக்கிறாள், முகமும் தெரிகிறது. முகம் வேண்டாமே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். வேறு பெயரில் நானும் போய்ப் பார்த்தேன். பார்க்கிறவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அதில் ஒருவன் நான்.

"வணக்கம்" என்றாள். நிறுத்தினாள். பிறகு "சத்தம் கேக்குதா எல்லாருக்கும்?" என்றாள். கேட்குதும்மா, கேட்குது. ஹாலில் இருந்து சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. சரசா முறைத்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

செய்ததை எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்று லைவை நிறையப் பேர் பார்த்தார்கள், நானும் ஹாலில் இருந்து ஃபோனில். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒருத்தன் எழுதினான்: "ஏய், நீ அந்த வணக்கம் பொண்ணுதானே?" உடனே இன்னொருத்தன் ஒரு வாத்துப் படம். அப்புறம் வரிசையாக வாத்து, வாத்து, வாத்து.

மதி ஆடுவதை நிறுத்திவிட்டாள். பேச்சில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

நான் எழுந்தேன். யோசிக்கவில்லை, யோசித்தேன் என்று சொன்னால் பொய். வாசலுக்குப் போய், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே இருக்கிற மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டேன்.

ஃபேன் நின்றது. இருட்டு. அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "கரண்ட் போயிடிச்சா?" என்றாள். பக்கத்து வீட்டில் லைட் எரிந்துகொண்டிருந்தது, சீரியல் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கை இன்னும் மெயினில்தான் இருந்தது.

"நீயா நைனா?"

"இல்லம்மா... அவனுங்க உன்ன..."

"பதில் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வந்திடிச்சு நைனா, இந்தவாட்டி வார்த்த வந்திடிச்சு. நீ நிறுத்திட்ட. இப்ப அவனுங்களுக்கு இன்னா தெரியும்? மறுபடியும் ஓடிட்டான்னுதானே தெரியும்?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடப்பாவி, இன்னாடா செஞ்ச நீ? போன தடவை அவளாக ஓடினாள். இந்தத் தடவை பெற்றவன் பிடித்துத் தள்ளினேன்.

செப்டம்பர் 15, திங்கள்

தட்டு வைத்தபடியே இருக்கிறது. கதவோரம் நின்றேன். கம்ப்யூட்டர் சத்தம்கூட இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

சரசா சொன்னாள்: "அவ பயப்படறா, பயப்படறான்னு சொல்லிக்கினே இருந்தியே, ஊட்ல பயந்துகினு கெடந்தது நீதான்யா." வேலைக்குக் கிளம்பினேன். அங்கே நல்ல பொருளையெல்லாம் ரிஜெக்டில் போட்டுவிட்டு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து வந்தபோது மதியின் செருப்பு இல்லை.

"எங்க போனா?"

"கடைக்குன்னா. எந்தக் கடைன்னு கேட்டேன், வந்துடறேம்மான்னு சொல்லிட்டுப் பூட்டா" என்றாள் சரசா. அவள் முகமும் வெளுத்திருந்தது.

அவள் ஃபோனுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். என்னென்னவோ தோன்றியது. ரயில் பாதை தோன்றியது. ஏரி தோன்றியது. அதற்கு மேல் எழுத மாட்டேன். கேட்டைத் தாண்டாத பெண், அதுவும் இந்த வாரத்தில். வேண்டாத சாமி இல்லை. ஒரு பஸ்ஸில் இறங்கவில்லை, அடுத்ததிலும் இறங்கவில்லை.

ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மடியில் பெரிய அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் காற்றில் கலைந்து, வேர்த்து விறுவிறுத்து.

"புடி நைனா. செம கனமா கீது."

பிடித்தேன்.

"இன்னாம்மா இது?"

"யூபிஎஸ். கரண்டு போனாலும் சிஸ்டம் கொஞ்ச நேரம் நிக்காம ஓடும்." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஃபோன்ல பேசுன பொண்ணா நீன்னு நாகேந்திரன் சார் கேட்டாரு. ஆமான்னேன்" என்றாள்.

எல்லாப் பாகத்திலும் குறை தேடினேனே, இது ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

செப்டம்பர் 20, சனி

விளக்கு வைத்த பிறகு மதி ஹாலுக்கு வந்தாள். "லைவ் போறேன். ஆரம்பிச்சதும் மெயின ஆஃப் பண்ணு நைனா."

"வேணாம்மா. அன்னிக்கு ஏதோ புத்தி கெட்டு..."

"தாங்குதான்னு பாக்கணும். நீயே பண்ணு."

வாசலுக்குப் போனேன். அன்றைக்கு யோசிக்காமல் இழுத்த கை இன்று மேலே எழவில்லை. "இழுய்யா, புள்ள சொல்லுதில்ல" என்றாள் சரசா. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. வீடே கப்சிப்பென்று ஆனது. உள்ளே யூபிஎஸ் கீக், கீக் என்று கத்தியது. நெட் பெட்டியையும் அதிலேயே மாட்டியிருந்தாள் போலிருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் குரல்.

"வணக்கம். ஆமா, அந்த வணக்கம் பொண்ணுதான். போன வாரம் பாதியில கட் ஆயிடிச்சு, எங்க ஊட்ல கரண்டு பிரச்சன. இப்ப கேளுங்க, எவ்ளோ கேக்கணுமோ கேளுங்க."

கேட்டார்கள் போல. அவள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு தடவை சிரித்தாள்.

"மெயினப் போடுய்யா, கொசு புடுங்குது" என்றாள் சரசா, இருட்டில்.

போடுகிறேன் என்றேன். போடாமல் கேட்டுக்கொண்டு நின்றேன்.