ஊசியை நிறுத்தச் சொன்னவருக்கு

வடக்கனந்தல்,
செவ்வாய்க்கிழமை.

ராதிகாவின் அப்பாவுக்கு, கொளஞ்சி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. சிறையில் வேளைக்குச் சோறு கிடைக்கிறதா? முதுகுவலி தேவலையா?

இடஒதுக்கீட்டு மறியலுக்குக் கிளம்பும்போது, நான் வரும்வரை பிள்ளைக்கு ஊசி வேண்டாம், வெள்ளிமலையிலிருந்து வாங்கிவந்த சிறுகுறிஞ்சான் இலைத் தூளே போதும் என்று உங்கள் அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் களை எடுக்கப் போன நேரம் பார்த்து அவர் இன்சுலினைச் சாக்கடையில் கொட்டிவிட்டார். கேட்டால், "எந்தம்பி சொன்னத நான் செஞ்சேன், இன்னா இப்ப?" என்றார். உங்கள் பெரியப்பாவுக்கு அந்த இலை கேட்டிருக்கலாம். அவருக்கு வந்தது வயதான காலத்துச் சர்க்கரை. இவளுக்குப் பன்னிரண்டு வயது.

இரண்டு நாளில் வாந்தி. மேல்மூச்சு வாங்கினாள். வாயில் அழுகின பழ வாடை. சர்க்கரை பார்க்கக் கொடுத்த நீல மருந்தில் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தேன், சர்க்கரை எல்லை மீறிச் செங்கல் நிறமாகிவிட்டது. கள்ளக்குறிச்சி சாலை முழுக்க நீங்களெல்லாம் வெட்டிப்போட்ட புளியமரங்கள். பக்கத்து வீட்டுப் பழனி அண்ணனும் நானும் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்தோம். மறியலில் இருந்தவர்களே, "குடுங்கக்கா, நாங்க தூக்கினு போறோம்" என்று மரத்துக்கு மரம் கை மாற்றி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். அதில் எந்த மரம் நீங்கள் வெட்டியது என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் மறுபடியும் பொறுமையாகச் சொன்னார். உடம்புக்குக் காவல் இருக்கிற அணுக்களே ஆள் தெரியாமல் கணையத்தைத் தாக்கிவிட்டனவாம். இனி அதில் இன்சுலின் சுரக்காது, எந்த இலைக்கும் பத்தியத்துக்கும் அது எழுந்திருக்காது. காய்ச்சலில் படுத்தாலும் ஊசியை நிறுத்தக் கூடாது. போட்டால் நேரத்துக்குச் சாப்பாடு. வியர்த்து நடுங்கினால் உடனே வெல்லம்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். புது மருந்தைச் சூடு படாமல் ஈரமணல் சட்டியில் வைத்திருக்கிறேன். உங்கள் அக்கா அந்தப் பக்கமே போவதில்லை, அழுதுகொண்டே கூழ் கரைக்கிறார். அவரோடு சண்டை போட எனக்கும் தெம்பில்லை.

ஊசி போடுகிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்கிற உங்கள் கவலை எனக்கும் உண்டு. கட்டிக்கொடுக்க முதலில் பிள்ளை இருக்க வேண்டுமே.

நேற்று ராதிகா, "அப்பா வந்தா ஊசிய நிறுத்திடுவாராம்மா?" என்று கேட்டாள். நிறுத்த மாட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள், அவளிடம் காட்டுகிறேன். அது வரும்வரை, உங்களுக்கு விடுதலை கிடைக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் கேட்க எனக்கு வாய் எழவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
கொளஞ்சியம்மாள்