வேர்க்காத கை

மே 5, செவ்வாய்

கத்திரி தொடங்கிவிட்டது. காலையிலேயே ஓடு தகிக்கிறது. தறி அறையில் மின்விசிறி போட முடியாது, இழை ஆடும். பக்கத்துத் தறியில் என் வீட்டுக்காரர் பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. எனக்கு ஒரு சொட்டு வேர்வை இல்லை.

முதலாளி வந்தார். சந்தன நிறப் புடவை நெய்யும் வேலை இந்தத் தடவையும் எனக்கே. கை வேர்வை பட்டால் கறை காட்டிக்கொடுக்கும் நிறம். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க மருமக கைக்கு வேர்க்கவே வேர்க்காதுபா. வாங்கிக்கினு வந்த வரம்."

வரமாம். போன வருஷம் வரை என் கையும் எல்லார் கையும் மாதிரி நசநசவென்றுதான் இருந்தது. சிறுநீர் அடங்கவில்லை என்று வாலாஜாபாத் டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். மாத்திரை கொடுத்தார். ஒரு மாசத்தில் வந்து காட்டச் சொன்னார். போகவில்லை. அந்தக் கதையை மறுபடி சொல்ல வாய் வராது. பழைய சீட்டைக் காட்டி நானே வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். அதிலிருந்துதான் வாய் காய்கிறது. வேர்வையும் நின்றுபோனது.

மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பின்னால் இன்னும் ஒரு அட்டை மாத்திரை இருக்கிறது.

துவைக்க: பாவாடை இரண்டு. அத்தை கோயிலுக்குப் போன பிறகு.

மே 7, வியாழன்

தறியிலேயே மயங்கிவிட்டேன். உடம்பு நெருப்பாம். அவர்தான் தூக்கிக்கொண்டு போய் வெளியே கிடத்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நினைவு வந்ததும் முதலில் பாவாடையைத்தான் தொட்டுப் பார்த்தேன். ஊற்றிய தண்ணீரில் எல்லாமே நனைந்திருந்தது. நல்லவேளை என்று நினைத்தேன். என்ன பிழைப்பு.

மே 8, வெள்ளி

ஆஸ்பத்திரி. வேர்க்காமல் போகப் பல காரணமாம். சின்ன வயசு டாக்டர், ஒவ்வொன்றாகக் கேட்டார்.

சர்க்கரை - இல்லை.
தைராய்டு - சரியாக இருக்கிறது.
தோல் - தீப்புண், தழும்பு எதுவும் இல்லை.
நரம்பு - பார்க்கணும்.
மருந்து -

"எதனா மாத்திரை சாப்டுறீங்களாமா?"

ஒரு பக்கம் அவர். ஒரு பக்கம் அத்தை. "இல்லீங்க" என்றேன்.

"தலைவலிக்குக்கூட போட மாட்டா சார்" என்றார் அத்தை.

சென்னையில் நரம்பு டாக்டரைப் பார்க்க எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் கொல்லையில் அவர், தங்கையோடு போனில். "நரம்பு செத்துக்கினு வருதோன்னு பயமா இருக்குதுமா." அழுதார். நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்ததையே தேய்த்தேன். என் மேல் எனக்கே அருவருப்பு.

மே 11, திங்கள்

சென்னைக்கு பஸ். அவரும் நானும் மட்டும். வழியில் அடக்க முடியாதே என்று, அந்த மாத்திரையில் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் ஏறினேன். வெட்கம் கெட்டவள்.

வாலாஜாபாத்தில் நின்றது. "இங்கியே எறங்கிடலாம்" என்றேன்.

"இங்க என்னமா வேல?"

இறங்கினேன். பின்னாலேயே இறங்கினார். பஸ் போய்விட்டது. மாத்திரை அட்டையை அவர் கையில் வைத்தேன்.

"எனக்கு ஒண்ணுக்கு அடங்க மாட்டேங்குது. ஒரு வருஷமா. இதப் போட்டுக்கினுதான் தறியில ஒக்காந்துக்கினு இருந்தேன். அதான் வேர்க்கல."

தலை நிமிர முடியவில்லை. அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நரம்பு இல்லியே?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். இந்த வெயிலில் உயிரே போயிருக்குமாம். மாத்திரையை நிறுத்தணும். இடுப்புத் தசைக்குப் பயிற்சி. வேறு மருந்து அடுத்த முறை பார்க்கலாம், ஆனால் கட்டாயம் வரணும்.

மே 15, வெள்ளி

வேர்வை. முதலில் மூக்கு நுனி. அப்புறம் கழுத்து, உள்ளங்கை. சந்தனப் புடவையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறை. முதலாளி உதட்டைப் பிதுக்கினார். அடுத்தது அரக்கு நிறமாம்.

"யார் கண்ணு பட்டுச்சோ" என்றார் அத்தை. அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

இன்னும் அடங்கவில்லை. அடிக்கடி எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. எழுந்தால் அத்தை நிமிர்ந்து பார்க்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தேன்.

பக்கத்துத் தறியிலிருந்து அவர், "கொஞ்சம் தண்ணி கொண்டாமா."

எழுந்தேன். கொல்லைக்குப் போய்விட்டு வந்து, ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி, "தண்ணி." அப்புறம் மறுபடி.

"என்னாடா இன்னிக்கு இம்மாந் தாகம்?" என்றார் அத்தை.

"வெயில்மா" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

விளக்கு வைக்கும் முன்னால் கூட்டப் போனேன். அவர் தறிக்குழி ஓரத்தில் சொம்புகள் வரிசையாக. ஒன்றிலும் ஒரு வாய் குறையவில்லை.