வேலிக்கு அந்தப் பக்கம்

9 மே 2011
ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் வெளிச்சுவரில் நான் வரையும் படம் பாதிச் சுற்று முடிந்தது. எங்கள் பழங்குடி ஜனங்கள் வெள்ளைக்காரப் பண்ணை முதலாளியை விட்டு, மூட்டையும் பிள்ளைகளுமாக நடந்து வெளியேறிய நாள். எட்டு வருடம் ஆற்றுமணலில் கூடாரம் அடித்துக் கிடந்துதான் இந்த நிலத்தைத் திரும்ப வாங்கினார்கள். நடந்தவர்கள் எல்லாருடைய முகத்தையும் போட்டாயிற்று. ஆனாலும் மனசு அடங்கவில்லை. ஏன்?

10 மே
ஏன் என்று தெரியும். அப்பா.

13 மே
பெரியம்மா மகள் டோரீன் அக்கா டீயோடு வந்தாள். அன்று முன்னால் நடந்தது அவள் அம்மாதான். தொட்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "உங்கப்பன எங்கயாச்சும் நைசா சொருகிட்டியா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான். சுருக்கென்றது. எல்லாரும் நடந்தபோது அப்பா மட்டும் முதலாளியின் மாடுகளோடு நின்றுவிட்டார். ஊர் மறக்கவில்லை.

14 மே
கேட்டே விட்டேன். நாற்பது வயதில் முதல் தடவை. "ஏம்ப்பா நின்ன?"
நெருப்பில் வாட்டிய கங்காரு வாலைக் கடித்துக்கொண்டிருந்தவர் கீழே வைத்தார். "பயம். போலீஸு வந்து சுட்டுருவான்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல."
நான் என்ன பெரிய காரணத்தை எதிர்பார்த்தேன்? பயம், அவ்வளவுதான். இதைக் கேட்கவா இத்தனை வருடம்!

17 மே
தூரிகையைத் தொடவில்லை.

19 மே
அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவரை விட்டால் பொய். நடந்தவர்களோடு சேர்த்தாலும் பொய். என்னதான் செய்ய?
டீ ஊற்றிக் கொடுத்தாள். பிறகு: "இருந்தாருல்ல? வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாரு. அங்கயே போடு."

22 மே
போட்டேன். குதிரைமேல், முதுகு தெரிய. மாலையில் அப்பாவைக் கூட்டிப் போய்க் காட்டினேன்.
"குதிர நல்லா வந்திருக்கு" என்றார். அப்புறம், "என்னைய ஏன் திருப்பி வச்ச? நா இந்தப் பக்கம் பாத்துத்தான் நின்னேன். கடைசி ஆளு மறையிற வரைக்கும் பாத்தேன். முகத்தப் போடு. நாந்தான்னு தெரியட்டும்."
அய்யோ அப்பா. வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்குப் பாதையே தெரியவில்லை.

23 மே
மூன்று தடவை அழித்தேன். கண் மட்டும் பிடிபடவில்லை. கடைசியில் அவரையே வரவழைத்து வெயிலில் உட்கார வைத்தோம். ஈயை ஓட்டக் கை தூக்கினார்.
"ஆடாம இரு சித்தப்பா" என்று டோரீன் அக்கா அதட்டினாள். தன் தொப்பியைக் கழற்றி, அவர் முகத்தருகே விசிறிக்கொண்டே நின்றாள்.
கண் வந்துவிட்டது.