உனக்குப் பிடித்த எலுமிச்சை வாசனை

நேற்றுக் காலை பிடோக் வட்டாரத்தில் பல் மருத்துவருக்காகக் காத்திருந்தேன். வரவேற்பறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. யாரும் தொடாமலே அது திடீரென்று சீறியது. எலுமிச்சை. அதாவது, எலுமிச்சைப் படம் போட்டு டப்பாவில் விற்கும் அந்த வாடை. எந்த எலுமிச்சையை நறுக்கினாலும் அது வராது. எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன். தாதி வந்து, வலி அதிகமா என்று பரிவோடு கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நீ இருந்திருந்தால் அந்தத் தாதியை மேடையில் ஒரு சிரிப்புக் கதையாக்கியிருப்பாய். அவள் கையில் பெட்டியைக் கொடுத்து, என்னை வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே அடிக்க வைத்திருப்பாய். கூட்டம் சிரித்திருக்கும். நான் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, இது இப்படி நடக்கவில்லை என்று மனத்துக்குள் திருத்திக்கொண்டிருந்திருப்பேன். நம் நட்பு பெரும்பாலும் இந்த ஏற்பாட்டில்தான் ஓடியது.

நீ போய் ஓராண்டு ஆகப்போகிறது. உன் மேடைத் தோழர்கள் உனக்காக ஒரு நிகழ்ச்சி வைக்கிறார்கள். விளம்பரத்துக்கு உன் பழைய வீடியோ கிளிப் ஒன்றை வெளியிட்டார்கள். எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதில், நீ முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த அலுவலகம், சாப்பாட்டு நேரம். பேன்ட்ரி என்ற சிறு சாப்பாட்டறையில் அம்மாவின் மீன் குழம்பைச் சூடு பண்ணுகிறாய். மேலதிகாரி ஐலீன் உள்ளே வந்து மூக்கைச் சுளிக்கிறாள். அலமாரியிலிருந்து ஸ்பிரேயை எடுக்கிறாள். குழம்பை விட்டுவிட்டு உன்மேல் அடிக்கிறாள், உச்சந்தலையிலிருந்து பாதம் வரை, சட்டைக்கு இஸ்திரி போடுகிற நிதானத்தோடு. "முன்பக்கம் முடிஞ்சுதா மேடம், திரும்பட்டுமா?" என்று நீ பணிவாகக் கேட்கிறாய். ஐலீன் யோசித்துவிட்டு, "ஆமா லா, முதுகும்தான்" என்கிறாள். உடனே நீ இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு மேடையில் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுவாய். அந்தச் சுற்றலுக்குத்தான் கூட்டம் மேசையைத் தட்டும்.

கிளிப் வந்த மறுநாள் ஐலீன் முகநூலில் எழுதினாள். இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். கோபமே இல்லாத சில வரிகள். தான் யார்மீதும் எதையும் அடித்ததில்லை என்றும் உன்னைத் தங்கையாக நினைத்ததாகவும் எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு வரி: உனக்கு வாசனை என்றால் உயிராம், அந்த எலுமிச்சை ஸ்பிரேயை அலுவலகத்துக்குக் கொண்டுவந்ததே நீதானாம்.

இதற்காகவே காத்திருந்தவர்கள் போல ஒரு கூட்டம் வந்து இறங்கியது. உன் கதை பொய் என்றதும், தமிழர் என்பதால் வாடகைக்கு வீடு தர மறுத்தார்கள் என்று எவரோ சொன்னதும் பொய், பள்ளியில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்று எவரோ சொன்னதும் பொய் என்று மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள். இறந்துபோன ஒருத்தியைப் பொய்க்காரி என்று சொல்வதில் அவ்வளவு உற்சாகம். நம் பக்கத்து ஆட்களும் எனக்கு அதே அளவு அருவருப்பைத் தந்தார்கள். அந்த அலுவலகத்தில் தானும் வேலை பார்த்ததாகவும், ஐலீன் உன்மேல் அடித்ததைக் கண்ணால் பார்த்ததாகவும் ஒருவர் எழுதினார். அங்கே தமிழர்கள் என்று இருந்தது நீயும் நானும் மட்டும்தான். நிகழ்ச்சியை நடத்துகிறவர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, 'உணர்வளவில் உண்மை' என்று ஒரு வரி போட்டுச் சமாளித்துவிடலாமா என்று கேட்டார். எனக்கு அப்படியொரு உண்மை தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தனக்குத் தெரிந்தவரை ஐலீன் எழுதியது சொல்லுக்குச் சொல் சரி. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பட்டம் வாங்கிய கையோடு நாம் இருவரும் அந்த ஏற்றுமதி நிறுவனத்தில் சேர்ந்தோம். முதல் வாரம் நீ மீன் குழம்பு கொண்டுவந்தாய். ஐலீன் பேன்ட்ரிக்குள் வந்தாள், சிரித்தாள், இன்றைக்கு வாசனை ரொம்ப ஸ்ட்ராங் என்று ஆங்கிலத்தில் சொன்னாள், கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். முகம் சுளிக்கவில்லை. குரலில் ஏளனம் இல்லை. எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

மறுநாள் உன் கைப்பையில் அந்த டப்பா இருந்தது. சாப்பிட்டு முடித்தாய். பாத்திரத்தைக் கழுவித் துடைத்தாய். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மூலைகளில் அடித்தாய், மைக்ரோவேவின் உள்ளே அடித்தாய். பிறகு பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தில் அடித்துக்கொண்டாய். ரவிக்கையின் முன்புறம் அடித்தாய். முதுகுக்குக் கை எட்டவில்லை. காற்றிலே நிறைய அடித்துவிட்டு, அந்தப் புகைக்குள் நின்று, கைகளைத் தூக்கிக்கொண்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாய்.

அந்தச் சுற்றல் உண்மை. உன் கதையில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான். சுற்றி முடித்தபோது வாசலில் என்னைப் பார்த்தாய்.

"யார்ட்டயும் சொல்லாதடி," என்றாய்.

நான் சொல்லவில்லை. உன்னிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ரொட்டியும் சீஸும் கொண்டுவரத் தொடங்கினேன். என்னிடம் எவரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. சாப்பிடுவாய், கழுவுவாய், அடிப்பாய். ஒரு நாள் டப்பா காலியானது. மறுநாள் காலை மைக்ரோவேவின் மேல் புது டப்பா நின்றது. அதே எலுமிச்சை. நீ வாங்கவில்லை, நானும் வாங்கவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. அது காலியானதும் இன்னொன்று வந்தது. அதே பேன்ட்ரியில் மற்றவர்கள் கருவாடு போட்ட சோற்றைச் சூடு பண்ணினார்கள், ஊரெல்லாம் நாறும் துரியான் பழத்தைப் பிரித்துவைத்துச் சாப்பிட்டார்கள். ஒருவர்கூட அந்த டப்பாவைத் தொட்டதில்லை. அது உன்னுடையது.

ஆண்டுகள் கழித்து நீ மேடையேறினாய். பெரிய அரங்கில் உன் முதல் நிகழ்ச்சி முடிந்த சாயங்காலம், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்தில் நம் தோசைக் கடையில் உட்கார்ந்திருந்தோம். முகத்தில் இன்னும் மேடைப் பவுடர். நான் நேராகக் கேட்டேன், ஏன் பொய் சொல்கிறாய், அதுவும் ஐலீன் பெயரைப் போட்டு.

"நடந்தபடி சொன்னா அதுல கோமாளி நான்தான்," என்றாய். "டப்பா என் கையில இருக்கக் கூடாதுடி. யார் கையிலயாச்சும் இருக்கணும்."

"ஆள்மேல அடிக்கிற மேலதிகாரி ஊர்லயே கிடையாது. அதனாலதான் எல்லாரும் நிம்மதியா சிரிக்கிறாங்க. நான் அப்படியில்லன்னு வீட்டுக்குப் போயிடுறாங்க," என்றேன்.

"போகட்டும். டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்தாங்க. உனக்கு உண்மைதான் வேணும்னா கோர்ட்டுக்குப் போ, என்கூட உக்காந்து ஏன் தோசை தின்ற?"

நான் விடாமல் விளக்கிக்கொண்டிருந்தேன். மேடையில் பேய்களைக் காட்டினால் மனிதர்கள் தப்பித்துவிடுவார்கள் என்றேன். நீ என் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தாய். "உன் வியாதி இதுதான். கடைசி வரியச் சொன்னப்புறமும் பேசிக்கிட்டே இருப்ப. சொல்லிட்டு வாயை மூடு," என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சண்டை அங்கேயே நின்றது.

உன் கதை எங்கே போய் முடிந்தது என்பதை நீ பார்க்கவில்லை. உன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோது ஐலீன் வந்தாள். வெள்ளைச் சட்டை, கையில் பூங்கொத்து. உன் தம்பியிடம் தன் பெயரைச் சொன்னாள். அவன் முகம் மாறியது. நீங்க போங்க என்று ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். துக்கத்தில் பேசுகிறான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். தலையை ஒருமுறை குனிந்துவிட்டுப் பூவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தாள். நான் எழுந்து வருவதற்குள் போய்விட்டாள்.

அந்தத் தம்பிதான் போன வாரம் என்னைப் பார்க்க வேண்டும் என்றான். துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து, கம்பெனிச் சட்டையோடு அதே தோசைக் கடைக்கு வந்தான். நிகழ்ச்சியில் அந்தக் கிளிப்பைப் போடலாமா வேண்டாமா என்று அவன்தான் சொல்ல வேண்டுமாம். உட்காருமுன்பே கைபேசியை என் பக்கம் திருப்பி வைத்தான். ஐலீன் எழுதிய கடைசி வரி.

"அக்காவுக்கு அந்த வாசனை பிடிக்குமாம். உண்மையாக்கா?"

நீ சொல்லாதே என்றது எனக்கு நினைவிருந்தது. ஆனால் ஐலீன் பாதியைச் சொல்லியாயிற்று, அதுவும் தவறான பாதியை. மீதியை நான் சொன்னேன். முதல் நாள் கதவு, மறுநாள் டப்பா, பின்னல், சுற்றல், காலியானதும் வந்து நின்ற புது டப்பா. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

தோசை ஆறிப்போனது.

"அப்ப அந்தம்மாவை நான் போகச் சொன்னது?"

"தப்பு," என்றேன். "ஆனா அவங்க எழுதுனதும் சரியில்ல."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "என் பொண்ணு இப்ப செகண்டரி ஒன், பதிமூணு வயசுக்கா. பேக்ல ஒரு ஸ்பிரே வச்சிருக்கா. காலைல யூனிஃபார்ம்ல அடிச்சுக்கிட்டுத்தான் கிளம்புறா. ஸ்கூல்ல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களான்னு கேட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லலப்பா, எனக்கு இது பிடிக்கும்னு சொல்றா." கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். "சுத்தமா இருக்கிற பொண்ணுன்னு நாங்க சந்தோஷப்பட்டோம்."

அவள் அந்தக் கிளிப்பை மனப்பாடமாகச் சொல்வாளாம். திரும்பட்டுமா மேடம் என்று வீட்டில் சுற்றிக் காட்டுவாளாம். அதாவது, உன் கதை முழுவதும் அந்தக் குழந்தைக்குத் தெரியும். அது தன்னுடைய கதை என்பது மட்டும் தெரியாது. அவள் கதையில் ஐலீன் என்று யாரும் இல்லையே. அவள்மேல் எவரும் அடிக்கவில்லையே.

அந்த இடத்தில் எனக்கு உன்மேலும் அருவருப்பு வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். கூட்டம் எளிதாகச் சிரிக்க வேண்டும் என்று டப்பாவை நீ ஐலீன் கையில் கொடுத்தாய். உன் தம்பி அந்தக் கையைப் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தான், தன் மகளின் கையைப் பார்க்காமல். அருவருப்பு மறுநாள் குறைந்தது. போகவில்லை.

வீட்டுக்கு வந்து ஐலீனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். என் குரல் கேட்டு மகிழ்ந்தாள். அவளுக்கு உன்மேல் கோபம் இல்லை, வருத்தம்தான் என்றாள். மேடையில் அப்படித்தான் கூட்டிச் சொல்வார்கள் என்று தனக்கும் தெரியும் என்றாள். முதல் நாள் நடந்தது அவளுக்கு நினைவே இல்லை. நான் சொன்னதும் பதறினாள். "நான் சும்மா சொல்லியிருப்பேன். மனசு கஷ்டமா இருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே." நம்பினேன். நல்லவள்தான். பிறகு, இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்றைக் கேட்டேன். காலியானதும் புது டப்பாவை யார் வாங்கி வைத்தது?

கேட்டதுமே பதில் வந்தது. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு வரச் சொன்னேன். வருகிறேன் என்றாள். உன் தம்பி தானே அவளை வாசலில் வரவேற்று உட்கார வைப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

கிளிப்பைப் போடவில்லை. அதற்குப் பதிலாக நான் பேசுகிறேன். ஆம், நான். ஒலிவாங்கியைக் கண்டாலே ஒதுங்குகிறவள். யாரிடமும் சொல்லாதே என்று நீ கேட்டுக்கொண்டதை எல்லோருக்கும் முன்னால் மீறப்போகிறேன். உன் தம்பி மகள் முன்வரிசையில் இருப்பாள், அதனால் உன் அனுமதியைக் கேட்கவில்லை. கதவிலிருந்து தொடங்கி நடந்ததை நடந்தபடி சொல்வேன். யாரும் மேசையைத் தட்ட மாட்டார்கள். ஐலீன் சிரிக்கும் இடங்கள் ஒன்றிரண்டு இருக்கலாம்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இரண்டு. ஒன்று, எங்கே சீறினாலும் என்னைத் தெருவுக்குத் துரத்தும் அந்த வாடை. இன்னொன்று, கடைசி வரியைச் சொன்னதும் வாயை மூட வேண்டும் என்பது. இந்த முறை விளக்கம் கொடுக்க மாட்டேன். ஒலிவாங்கியை அதன் தாங்கியில் வைத்துவிட்டு இறங்கிவிடுவேன்.

கடைசி வரி ஐலீன் சொன்ன பதில்தான். "நான்தான். உனக்குத் தெரியாதா? அவளுக்குப் பிடிக்குமேன்னு ஒவ்வொரு மாசமும் ஆபீஸ் ஆர்டர்ல சேத்துடுவேன்."