உண்டியலுக்குப் போன ராணி

இன்று காலை மருமகள் வெள்ளிக் குங்குமச்சிமிழைத் திருநீறு தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பழைய வெள்ளியைத் தேய்க்காதே, முகம் போயிடும்" என்று நீங்கள் என்னைத் தடுத்தது காதில் விழுந்தது. நீங்கள் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

திருத்தணி ஸ்டேஷனில் நீங்கள் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த காலம். மற்றவர்கள் சீட்டாடும் நேரத்தில் நீங்கள் பழைய இங்கிலீஷ் காசுகளைத் தேடி அலைவீர்கள். மூன்றுதான் சேர்ந்தன. அவற்றில் உங்களுக்கு உயிரானது, டியூடர் வம்சத்து ராணியின் முகமும் காதுக்குப் பின்னால் ஒரு ரோஜாவும் பதிந்த வெள்ளிக்காசு. அரக்கோணத்தில் இருந்த ஆங்கிலோ-இந்திய இன்ஜின் டிரைவர், தன் பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியாது என்று உங்களிடம் கொடுத்தது. விளிம்பு கோணலாக இருக்கும். என் உள்ளங்கையில் வைத்துச் சொன்னீர்கள்: "மிஷின் அடிச்சதில்ல இது. ஒருத்தன் சுத்தியல் எடுத்து அடிச்சிருக்கான். அவன் கை கொஞ்சம் நழுவியிருக்கு, பாரு."

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது உங்களுக்கு டைபாய்டு வந்தது. பதினெட்டாம் நாள் என்னையே அடையாளம் தெரியாமல் "யாரும்மா நீ?" என்று கேட்டீர்கள். அன்றுதான் வேண்டிக்கொண்டேன், இவருக்குப் பிரியமான வெள்ளியை உனக்கே தருகிறேன் முருகா என்று. ஜுரம் இறங்கியது. என் கொலுசைப் போட்டிருக்கலாம். ஆனால் வேண்டுதல் அதற்கில்லையே. மலையேறி ராணியை உண்டியலில் போட்டுவிட்டு வந்தேன்.

எழுந்து உட்கார்ந்ததும் காசு வைக்கும் டப்பாவைக் கேட்டீர்கள். திறந்தீர்கள். நான் நடந்ததைச் சொன்னேன். மூடிவிட்டீர்கள். மூன்றாம் நாள் நான்தான் ஆரம்பித்தேன்.

"ஏங்க, கோயில்ல கேட்டுப் பாக்கலாமா?" என்றேன்.

"குடுத்துட்டுத் திருப்பிக் கேக்கறதா? வேணாம்."

சுதந்திரம் வந்த வருடம் அந்த டிரைவர் வந்தார். சீமைக்குக் கப்பலேறுவதற்கு முன் ராணியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. உங்கள் குரல் கேட்டது.

"நான்தாங்க உண்டியல்ல போட்டுட்டேன். ஜுரம் எறங்குனா போடறதா வேண்டிக்கினேன்."

"எங்கப்பா வெச்சிருந்த காசு. ஒன்ன நம்பித்தானே குடுத்தேன்?"

கதவிடுக்கில் பார்த்தேன். ஒரு பையனைத் திட்டுவதுபோல் அவர் திட்டினார். நீங்கள் தலை குனிந்து நின்றீர்கள். என் பெயர் உங்கள் வாயில் வரவே இல்லை. அவர் காபி குடிக்காமலே போய்விட்டார்.

பிறகு அடுப்படிக்கு வந்து தண்ணீர் கேட்டீர்கள்.

"அவருக்கு ரயிலுக்கு நேரமாயிடுச்சாம். காபி வேணாம்னுட்டாரு."

"ஆங்" என்றேன்.

அதற்கு மேல் ஏதாவது சொன்னால், நீங்கள் எனக்காக மறைத்தது வீணாகிவிடும் என்று அன்று தோன்றியது. கடைசி வரை சொல்லவில்லை. சமயத்தில் யாராவது என்னிடம் கடுமையாகப் பேசினால், எனக்காகக் குனிந்த அந்தத் தலை நினைவுக்கு வரும், பொறுத்துக்கொள்வேன்.

எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், தெரியுமா?